'ப்ராப்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ் எது? முட்டா, ஊன்றா, தாங்கா?

குறிப்பேடு எழுதியது:

வாழை விவசாயிகளுக்கான கைப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். மூலத்தில் 'ப்ராப்' என்ற சொல் பக்கத்துக்கு நாலு தடவை வருகிறது. அகராதி 'ஆதரவு', 'தாங்கி' என்கிறது. 'வாழைக்கு ஆதரவு அளிக்கவும்' என்று அச்சடித்துக் கொடுத்தால் தோவாளையிலும் விளவங்கோட்டிலும் யாரும் அதைக் கம்பு என்று புரிந்துகொள்ள மாட்டார்கள். அதே சொல்லை சென்ட்ரிங் வேலையிலும் நாடக மேடையிலும் விமானத்திலும் சொல்கிறார்கள். எல்லாம் ஒரே சொல்தானா? எங்கிருந்து வந்தது? குமரி மாவட்டத்தில் வேலை செய்கிறவர்கள் வாயில் எது நிற்கிறது? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

சொற்கிடங்கு எழுதியது:

முதலில் பிரித்துவிடுவோம். ஆங்கிலத்தில் 'ப்ராப்' என்று ஒலிப்பது ஒரு சொல் இல்லை. வேர் வேறான மூன்று சொற்கள் ஒரே உருவத்தில் வந்து நிற்கின்றன.

கம்பு, தூண், முட்டு என்று பொருள்படும் ப்ராப் 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. மூலம் இடைக்கால டச்சு மொழியின் 'ப்ரோப்பெ'. அங்கே அதற்கு இரண்டு பொருள்: திராட்சைக் கொடிக்கு நட்டுவைக்கும் கம்பு ஒன்று, புட்டியின் வாயை அடைக்கும் அடைப்பான் இன்னொன்று. உங்கள் பிரசுரத்துக்கு இதுதான் வேண்டும். தோட்டத்தில் பிறந்த சொல் தோட்டத்துக்கே திரும்பி வந்திருக்கிறது.

நாடக மேடையில் சொல்கிற ப்ராப், 'ப்ராப்பர்ட்டி' என்பதன் சுருக்கம். நாடகக் குழுவின் உடைமை, அதாவது மேடையில் கையாளும் பொருள்கள். மேசையும் வாளும் கதையைத் தாங்குவதால் அந்தப் பெயர் என்று சிலர் விளக்கம் சொல்வது தவறு. விமானத்தின் ப்ராப், 'ப்ரொப்பெல்லர்' என்பதன் சுருக்கம். முன்னே தள்ளுவது என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. அதற்கும் கம்புக்கும் உறவு கிடையாது.

ரக்பி ஆட்டத்தில் 1, 3 என்ற எண் சட்டை போட்டு முன்வரிசையின் இரு ஓரத்திலும் நிற்பவர்களை ப்ராப் என்பார்கள். அது நம் கம்புதான். நடுவில் நிற்கும் 2ஆம் எண்காரரை இருபுறமும் தாங்கிப் பிடிப்பவர்கள்.

டச்சுக்கு முன்னால் எங்கிருந்து என்பதில் அறிஞர்கள் ஒருமித்துப் பேசவில்லை. நட்டுவைக்கும் பதியன், நாற்று என்ற பொருளுள்ள லத்தீன் 'ப்ரொபாகோ'வோடு சிலர் இணைக்கிறார்கள். அந்த லத்தீன் சொல்லின் அடியில் இருப்பது 'இறுக்கிப் பதித்தல்' என்ற கருத்து. இந்த இணைப்பு சரியாக இருந்தால் நமக்கு ஒரு நல்ல ஒப்புமை கிடைக்கிறது. தமிழில் 'ஊன்று' என்பதும் அப்படித்தான். விதையையும் ஊன்றுகிறோம், கம்பையும் ஊன்றுகிறோம்.

---

ஏத்தங்குலை எழுதியது:

குறிப்பேடு சார், வாழைப் பிரசுரம் என்றால் 'ஊன்று' என்றே போடுங்கள். 'ஊன்று கொடுத்தல்', 'ஊன்றுகம்பு'. மலையாளத்தில் 'ஊன்னு' என்பார்கள். அதனால் கல்குளம், விளவங்கோடு பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'முட்டு' என்றாலும் புரியும். 'தார்' என்று எழுதாதீர்கள், இங்கே அது குலை. வாழை வகையை 'நேந்திரன்' என்று மட்டும் எழுதாமல் 'ஏத்தன்' என்றும் போடுங்கள்.

பெயரைவிட முக்கியம் எங்கே, எப்போது, எப்படி என்பது. மூலத்தில் என்ன இருக்கிறதோ தெரியாது, இங்கே செய்வது இது.

ஏத்தனுக்கு ஏழாம் மாதவாக்கில் குலை தள்ளும். குலை தள்ளிய பிறகு கம்பு தேடினால் தாமதம். குலைக்கு முன் கடைசியாக வரும் சிற்றிலையான கண்ணாடி இலை வந்தவுடன் கம்பு தோட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு மூட்டுக்கு, அதாவது ஒரு வாழைக்கு, இரண்டு கம்பு. ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் ஏக்கருக்கு 1,210 மூடு நிற்கும். ஆக 2,420 கம்பு. இந்தக் கணக்கைப் பிரசுரத்தில் கட்டாயம் போடுங்கள். வாழையில் செலவு எகிறும் இடம் இது.

இரண்டு கம்பையும் நுனியிலிருந்து ஒரு அடி கீழே சேர்த்துக் கட்டி, கத்தரிபோல விரிக்க வேண்டும். கால்கள் மூன்றிலிருந்து நான்கடி விலகியிருக்கட்டும். ஒவ்வொரு காலுக்கும் ஒரு அடிக் குழி எடுத்து இறக்கி, மண் போட்டு மிதிக்க வேண்டும். கத்தரியின் கவை வாழையின் கழுத்தில், அதாவது குலைக்காம்பு வெளியே வரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, உட்கார வேண்டும். நடுவில் வாழைச்சருகை மடித்து வைக்கவும். கம்பு தோலில் உரசினால் தண்டு அங்கே அழுகும். காயில் உரசினால் கறுப்புத் தழும்பு விழுந்து சந்தையில் விலை போகாது.

எந்தப் பக்கம் என்றால், குலை தொங்கும் பக்கம். மரம் சாய்வது அங்கேதான்.

---

குறிப்பேடு எழுதியது:

அருமை. ஒரு சந்தேகம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும். குலை மேற்கே தொங்கினால் ஊன்று மேற்கே இருக்கும். காற்று மரத்தை ஊன்றிலிருந்து பிரித்துக் கிழக்கே தள்ளாதா?

---

ஏத்தங்குலை எழுதியது:

தள்ளும். சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஊன்று ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும், அது தள்ளுமே தவிர இழுக்காது. முப்பந்தல் காற்றாலைகள் எதற்கு அங்கே நிற்கின்றன என்று யோசித்தால் தோவாளைப் பக்கத்து விவசாயியின் கஷ்டம் புரியும். அந்தப் பகுதியில் ஊன்றோடு கயிறும் வேண்டும். கழுத்துக்குக் கீழே அகலமான நாடாவைத் தளர்வாகச் சுற்றி, காற்று வரும் பக்கம் முளையடித்து 45 பாகைச் சாய்வில் கட்ட வேண்டும். மெல்லிய நைலான் கயிற்றை நேராகச் சுற்றினால் மட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே போகும், அந்த இடத்திலேயே மரம் ஒடியும்.

செலவு குறையுமென்று ஒரு மூட்டை அடுத்த மூட்டோடு கட்டுகிறார்கள். வரிசை முழுக்க அப்படிக் கட்டினால் ஒன்று விழும்போது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். கட்டுவதானால் எதிரெதிராகச் சாயும் இரண்டை மட்டும் கட்டுங்கள்.

இன்னொன்று. ஊன்று இருந்தும் விழுந்த வாழையை எங்கே ஒடிந்தது என்று பாருங்கள். கழுத்தில் ஒடிந்திருந்தால் ஊன்றைத் தாழ்த்தி வைத்ததுதான் காரணம். நடுத்தண்டில் ஒடிந்து உள்ளே துளையும் கறுப்பும் இருந்தால் தண்டுத் துளைப்பான். கிழங்கோடு பிடுங்கி வந்தால் கிழங்கு வண்டு அல்லது நூற்புழு, இல்லையென்றால் மண் அணைக்காதது. பின்னால் சொன்ன எதற்கும் ஊன்று மருந்தாகாது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல்போல வந்தால் எந்த ஊன்றும் தாங்காது, அது வேறு கணக்கு. நாம் சொல்வது ஆண்டுதோறும் வருகிற காற்றுக்கு.

---

மட்டக்கோல் எழுதியது:

கட்டட வேலையில் 'ஊன்று' என்று யாரும் சொல்வதில்லை. அங்கே 'முட்டு'தான். சவுக்கு முட்டு, மூங்கில் முட்டு. இரும்பில் திருகுமரை வைத்தது வந்தால் 'ஜாக்கி'. ஜாக் என்பது ஆங்கிலேயர் வீட்டு வேலைக்காரப் பையனுக்குப் பொதுவாக வைத்த பெயர். அவன் செய்யும் வேலையைச் செய்த கருவிகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. சென்ட்ரிங் என்பதும் அப்படிப் பொருள் விரிந்த சொல்தான். வளைவு கட்டும்போது அடியில் வைக்கும் மரச்சட்டத்துக்கு 'சென்டர்' என்று பெயர், அதிலிருந்து வந்தது. இப்போது தட்டையான கான்கிரீட் கூரைக்கும் அதையே சொல்கிறோம்.

முட்டில் எங்கே தப்பு நடக்கிறது என்று சொல்கிறேன், வீடு கட்டுகிறவர்களுக்கு உதவும்.

ஐந்து அங்குலக் கான்கிரீட் கூரை சதுர அடிக்குச் சுமார் 30 கிலோ. முட்டுகள் மூன்றடிக்கு மூன்றடியில் நின்றால் ஒவ்வொன்றும் ஒன்பது சதுர அடியைத் தாங்கும். அதாவது 270 கிலோ ஈரக் கான்கிரீட், அதோடு பலகை, கம்பி, மேலே நிற்கும் ஆட்கள். இந்த எடை முழுவதும் முட்டின் அடியில் நான்கு விரல் அகலத்தில் இறங்குகிறது. அடியில் இருப்பது புதிதாக நிரப்பிய மண்ணாக இருந்தால் முட்டு இறங்கும், கூரை நடுவில் தொய்யும். கல் அடுக்கி அதன்மேல் முட்டு வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கல் நழுவினால் முடிந்தது. அடியில் நீளப் பலகை போட்டு, அதன்மேல் எதிரெதிராக இரண்டு ஆப்பு வைத்து, அதன்மேல் முட்டு நிற்க வேண்டும். ஆப்பு இரண்டாக இருந்தால்தான் இறுக்கும்போது முட்டு நேராக நிற்கும், பிரிக்கும்போது தட்டி மெதுவாக இறக்கவும் முடியும். உயரம் போதாமல் இரண்டு கம்பை ஆணியடித்து ஒட்டிய முட்டு நடுவில் வளையும். ஒட்டாதீர்கள். பத்தடிக்கு மேல் போனால் குறுக்குக் கம்பு கட்டாயம்.

பிரிப்பது: கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456:2000 சொல்லும் நாள் கணக்கு, சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு. நாலரை மீட்டர் வரை அகலமுள்ள கூரைக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு ஆறு மீட்டர் வரை 14, அதற்கு மேல் 21. எந்த வரிசையில் எடுப்பது என்பதும் கவனம். இரண்டு பக்கமும் சுவரில் உட்காரும் கூரைக்கு நடுவிலிருந்து ஓரத்துக்கு எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்து நீட்டிநிற்கும் சன்ஷேடுக்கு நுனியிலிருந்து சுவரை நோக்கி. இதை மாற்றி எடுத்தால் கம்பி இல்லாத பக்கத்தில் இழுவிசை வந்து வெடிக்கும்.

---

சொற்கிடங்கு எழுதியது:

மட்டக்கோல் அண்ணாச்சி சொன்ன 'முட்டு'தான் எனக்கு இந்த இழையிலேயே அருமையான சொல்லாகப் படுகிறது. டச்சு 'ப்ரோப்பெ' ஒரே நேரத்தில் அடைப்பானும் தாங்கும் கம்புமாக இருந்தது என்று சொன்னேன் அல்லவா. இன்றைய டச்சில் 'ப்ராப்' என்றால் அடைப்புத்தான் முன்னே வரும். ஆங்கிலம் தாங்குவதை மட்டும் எடுத்துக்கொண்டது. தமிழ் 'முட்டு' இரண்டையும் விடாமல் வைத்திருக்கிறது. முட்டுக் கொடுத்தால் உதவி. முட்டுக்கட்டை போட்டால் தடை. சுசீந்திரம் தேரோட்டத்தில் சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுகிறவர்களைப் பாருங்கள். அதே கட்டை தேரை நிறுத்தவும் செய்கிறது, திருப்பவும் உதவுகிறது, சரிவில் உருளாமல் பிடித்தும் வைக்கிறது. தடையும் தாங்குதலும் ஒரே விசையின் இரண்டு பெயர்கள். நகரப் பார்க்கும் ஒன்றுக்கு எதிரே நிற்பதுதான் இரண்டும். கூரை கீழே நகரப் பார்க்கிறது, சாறு வெளியே வரப் பார்க்கிறது, தேர் உருளப் பார்க்கிறது.

இப்போது சமூக ஊடகத்தில் ஒருவருக்காக வாதாடுவதை 'முட்டுக் கொடுப்பது' என்கிறார்கள். ஆங்கிலத்திலும் விழப்போகும் ஆட்சியைத் தாங்கிப் பிடிப்பதற்கு ப்ராப் என்ற வினையைத்தான் போடுகிறார்கள். இரண்டிலும் உள்ளே இருக்கும் குறிப்பு ஒன்று: தானாக நிற்க வலுவில்லாத பொருளுக்குத்தான் முட்டு. 'ஆதரவு' என்ற சொல்லில் அந்தக் குறிப்பு இல்லை. அதனாலும் உங்கள் பிரசுரத்துக்கு அது பொருந்தாது.

---

கல்தூண் எழுதியது:

சுவருக்கு வெளியே சாய்வாகக் கட்டும் முட்டுச்சுவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'பட்ரஸ்'. முட்டித் தள்ளுதல் என்ற பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. அங்கும் முட்டு, இங்கும் முட்டு, யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. சுவர் வெளியே பிதுங்குவதைக் கண்ட கொத்தனாருக்கு எந்த நாட்டிலும் ஆட்டுக்கடாவின் தலைதான் நினைவுக்கு வந்திருக்கும். தமிழில் உதைசுவர், உதைகால் என்றும் உண்டு. சாய்வாக நின்று உதைப்பது.

தூண் தலையில் உத்தரத்தைத் தாங்கி நீண்டிருக்கும் போதிகைக்கு ஆங்கிலத்தில் 'கார்பெல்' என்பார்கள், பழைய பிரெஞ்சில் அண்டங்காக்கைக் குஞ்சு. பக்கவாட்டில் பார்த்தால் அலகு போல இருப்பதால். நம் கோயில் மண்டபங்களில் அதே இடத்தில் மொட்டு தொங்குவதுபோலச் செதுக்கி, புஷ்ப போதிகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பொதுச்சொல்லான 'சப்போர்ட்' லத்தீனில் 'கீழிருந்து சுமத்தல்'. அதற்கு இந்த மாவட்டத்துப் பழைய சாலையோரங்களில் கல்லிலேயே மொழிபெயர்ப்பு நிற்கிறது: சுமைதாங்கி. இரண்டு நடுகல், மேலே ஒரு படுக்கைக் கல், தோளுயரம். தலைச்சுமைக்காரர் பிறர் உதவியில்லாமல் சுமையை இறக்கவும் ஏற்றவும் அந்த உயரம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக நட்டவை பல. மலையாளத்தில் அத்தாணி.

மாத்தூர் தொட்டிப்பாலத்தை 28 தூண் தாங்குகிறது. அதை யாரும் முட்டு என்று சொல்வதில்லை. தற்காலிகமாக வைப்பது முட்டு, நிரந்தரமாக நிற்பது தூண்.

---

குளச்சல்கரை எழுதியது:

டச்சுச் சொல் என்கிறீர்களே, 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களோடு திருவிதாங்கூர் போர் நடந்த ஊர் நம்முடையது. அந்த வழியாக ஏதாவது வந்ததா? சின்னமுட்டம், முட்டம் என்ற ஊர்ப்பெயர்களிலும் முட்டு இருக்கிறதே.

---

சொற்கிடங்கு எழுதியது:

இந்தச் சொல் அப்படி வரவில்லை, தம்பி. குளச்சல் போருக்குச் சுமார் முந்நூறு ஆண்டு முன்பே அது ஆங்கிலத்தில் குடியேறிவிட்டது. கப்பலும் வணிகமும் வழியாக வந்த பல சொற்களில் ஒன்று. 'டெக்', 'ஸ்கிப்பர்' எல்லாம் அந்தப் பக்கத்துச் சரக்குத்தான். கப்பலைக் கரையில் நிமிர்த்திவைக்கும் சாய்வுமுட்டுக்கு ஆங்கிலத்தில் 'ஷோர்' என்பார்கள், அதுவும் அங்கிருந்தே. மண் சரியாமல் குழிக்குள் பலகை அடிக்கும் 'ஷோரிங்' அதிலிருந்து கிளைத்தது. கடற்கரை என்னும் 'ஷோர்' வேறு சொல், ஒலி மட்டும் ஒன்று. டச்சிலிருந்து தமிழுக்கு வந்தது வேண்டுமானால் 'துட்டு', 'கக்கூஸ்' இரண்டையும் சொல்லலாம்.

முட்டம் ஊர்ப்பெயரை முட்டோடு சேர்க்க வேண்டாம். ஒலி ஒத்துப்போவதால் மட்டும் வேர் ஒன்று ஆகாது. மேடை ப்ராப்பையும் கம்பு ப்ராப்பையும் அப்படிச் சேர்த்துத்தான் பலர் தவறுகிறார்கள்.

---

நல்லமிளகு எழுதியது:

திராட்சைக் கொடிக்கு நட்ட கம்பு என்றால் அது ஊன்றும் இல்லை, முட்டும் இல்லை. கொழுகொம்பு. விழாமல் தாங்குவதற்காக நட்டதல்ல, பற்றி ஏறுவதற்காக நட்டது. இந்த வேறுபாட்டைப் பிரசுரம் கலக்கக்கூடாது. வெற்றிலைத் தோட்டத்துக்கு 'கொடிக்கால்' என்று பேர் வந்ததே அந்தக் காலால்தான். நல்லமிளகுக்கு, அதாவது குறுமிளகுக்கு, முருக்கு மரம் நடுகிறோம், அது உயிருள்ள கால். காய்ந்த கம்பில் மிளகுக்கொடியின் பற்றுவேர் நன்றாகப் பிடிக்காது. பட்டை சொரசொரப்பாகவும் உரியாமலும் இருக்க வேண்டும். முருக்கை மழைக்கு முன் நட்டு, வேர் பிடித்த பிறகு வடக்குப் பக்கத்தில் கொடியை வைத்தால் வெயில் கொடியின் அடியில் நேராக விழாது. முருக்கின் கிளையை ஆண்டுதோறும் கழிக்காவிட்டால் நிழல் கூடி மிளகு குறையும்.

பந்தக்கால், கால்நாட்டு எல்லாம் இதே 'கால்' தான்.

---

சொற்கிடங்கு எழுதியது:

நல்லமிளகு டீச்சர் சொன்னது சரி, திருத்திக்கொள்கிறேன். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதைத் தமிழ் விசையின் திசை பார்த்துப் பிரிக்கிறது. இரண்டு பழஞ்சொற்களையும் பதிவு செய்துவிடுகிறேன். வழுக்கு நிலத்தில் பிடித்து நடக்கும் கோலைத் திருக்குறள் 415 'ஊற்றுக்கோல்' என்கிறது, இன்றைய ஊன்றுகோல். 449இல் வரும் 'மதலை' தாங்கும் துணை. மதலை வழக்கிலிருந்து போய்விட்டது, ஊன்று தோட்டத்தில் பிழைத்திருக்கிறது.

---

குறிப்பேடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்: 'குலை தள்ளியதும், குலை தொங்கும் பக்கத்தில் இரண்டு ஊன்றுகம்புகளைக் கத்தரிபோலக் கட்டித் தண்டின் நடுவில் முட்டுக் கொடுக்கவும்.' கம்பு மக்காமல் இருக்கவும் ஒரு வரி வேண்டும்.

---

ஏத்தங்குலை எழுதியது:

'தண்டின் நடுவில்' தப்பு, கழுத்தில். நடுவில் கொடுத்தால் குலை கனக்கும்போது மேல்பாதி முறியும். 'குலை தள்ளியதும்' என்பதோடு 'கம்பை அதற்கு முன்பே வாங்கி வைக்கவும்' சேருங்கள்.

கம்பு மக்குவது மண்ணுக்கு அடியில் ஆழத்தில் இல்லை, மண்மட்டத்தில்தான். ஈரமும் காற்றும் சேரும் இடம் அது. ஆகவே அடியிலிருந்து ஒன்றரை அடி வரை தீயில் கரித்தோ தார் பூசியோ விடுங்கள். ஒரு அடிதான் புதைகிறது, அரை அடி வெளியே தெரிய வேண்டும். மூங்கிலானால் வெட்டியவுடன் ஓடும் தண்ணீரில் சில வாரம் ஊறப்போட்டால் மாவுச்சத்து கரைந்துபோய்ப் பொடிவண்டு குறையும். குலை வெட்டிய அன்றே கம்பைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, தரையில் படாமல் கல்லின்மேல் அடுக்கி, மழை படாமல் மூடுங்கள். கீறல் விட்ட கம்பை அடுத்த பட்டத்துக்கு ஏத்தனுக்குக் கொடுக்காதீர்கள், குலை சிறுத்த மட்டி வாழைக்குக் கொடுங்கள்.